பெயரறியாச் சிற்றுயிர்கள்

பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுகள் விலங்கியல் பயின்ற ஒருவனை, ஒன்பது வயதுச் சிறுவன் ஒரேயொரு வினாவினால் வாயடைக்கச் செய்துவிடலாம். இதனை நான் 2020 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், பேசாலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தவாறு அறிந்துகொண்டேன்.

அவ்வாண்டு மார்ச் மாதத்திற் கொள்ளைநோயின் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. மாணவர்களாகிய நாம் கையிற் கிடைத்த புத்தகங்களுடன் ஊர்களுக்குத் திரும்பினோம். மார்ச் 20 ஆம் நாள் முதல் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மன்னார்த் தீவின் மணற் பரப்பில் வளர்ந்தவர்களுக்கு ஊரடங்கு புதியதன்று. ஆயினும் கடலுக்குச் செல்லாத வள்ளங்களையும், பூட்டிய பள்ளிக்கூடங்களையும் துவக்குச் சத்தம் இல்லாமலே காண்பது எம் பெற்றோருக்கும் புதுமையாகவே இருந்தது.

அக்காவின் மகன் இந்த நீண்ட விடுமுறையை வீணாக்கவில்லை. எங்கள் வீட்டில் முன்னொருகால் மன்னார் நகரிலிருந்து வாங்கிவந்த கண்ணாடி மீன்தொட்டியொன்று கோழிக்கூட்டின் மேற் கவிழ்ந்து கிடந்தது. அதனைக் கழுவித் திண்ணையில் வைத்தான். அடியில் மணலிட்டான். கட்டுக்கரைக் குளத்தின் கீழே வயல் செய்யும் அத்தான், வாய்க்காலில் அள்ளிய வேலம்பாசியை ஈரச்சாக்கிற் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். மீனுக்குத்தான் வழியில்லை, கடைகள் பூட்டியிருந்தன. அதற்கும் அவன் ஒரு வழி கண்டான். எங்கள் கிணற்றிற் சிறிய கப்பி மீன்கள் இருந்தன. சுகாதாரப் பகுதியினர் சில ஆண்டுகளுக்கு முன் கொண்டுவந்து விட்டவை. சோற்றுப் பருக்கைகளைத் தூவி, மேலே வந்தவற்றை வாளியால் மெல்ல அள்ளி, ஒரு கிழமைக்குள் கண்ணிற் பட்ட மீன்கள் அனைத்தையும் தொட்டிக்குக் குடியேற்றிவிட்டான். வாளியைக் கயிற்றில் இறக்கும் நுட்பத்தை அவனுக்குக் காட்டிக்கொடுத்தவன் நானே. இதனை முதலிலேயே ஒப்புக்கொண்டு மேலே செல்கிறேன்.

இருபதுக்கு மேற்பட்ட மீன்கள் சில நாட்களிலேயே குஞ்சுகளையும் ஈன்றன. கப்பி முட்டையிடாது குஞ்சு ஈனும் மீன் என்று நான் விளக்கியபோது, சிறுவனுக்கு என்மீது மதிப்பு ஏற்பட்டது. அம்மதிப்பு மூன்று நாட்கள் நிலைத்தது. நாலாம் நாட் காலையில் அவன் தொட்டியின் கண்ணாடியில் மூக்கை அழுத்தியவாறு கேட்டான்: “மாமா, உதுகள் என்ன?”

கண்ணாடியின் உட்புறத்திலும் பாசி இலைகளின்மீதும் வெண்மையான புள்ளிகள் அசைந்தன. ஊசிமுனையளவு சில, எள்ளின் பாதியளவு சில. சில துள்ளின, சில ஊர்ந்தன, சில நூலின் துண்டுகள்போல் நெளிந்தன. நான் குனிந்து நோக்கினேன். நெடுநேரம் நோக்கினேன். பின்னர், “பூச்சிகள்” என்றேன்.

“அது எனக்கும் தெரியும். பேர் என்ன?”

என் நிலையை வாசகர் எண்ணிப் பார்க்கவேண்டும். சைக்ளொப்ஸ் என்னும் நன்னீர் உயிரியின் உணர்கொம்புகளையும் கால்களையும் வரைந்து குறியிட்டு, அதற்குரிய புள்ளிகளையும் பெற்றவன் நான். ஆனால் நான் கண்ட சைக்ளொப்ஸ், செந்நிறச் சாயமூட்டப்பட்டு, வழுக்கியின்மீது பிசினுள் அடக்கம் செய்யப்பட்ட ஒன்று. நான் பிறப்பதற்கும் முன்னர் இறந்த உயிராக அது இருத்தல் கூடும். அது நீருக்குள் எவ்வாறு நடமாடும் என்பதை எவரும் எனக்குக் காட்டியதில்லை. நானும் கேட்டதில்லை. பிணத்தை மட்டும் பார்த்துப் பழகியவனுக்கு அதன் உயிருள்ள உறவினர் வாசலில் வந்து நின்றால் அடையாளம் தெரிவதில்லை.

அம்மாவுக்கோ இதில் ஐயமே இருக்கவில்லை. “பூச்சி பிடிச்ச தண்ணியைக் கொண்டுபோய் முருங்கையடியில ஊத்துங்கோ. வீட்டுக்குள்ள வைக்காதேங்கோ” என்றார். குடிக்கும் நீரை வெள்ளைத் துணியில் வடித்தே குடத்திலிடும் பழக்கம் அவருடையது. நீரில் அசையும் எதுவும் அவருக்குப் பகையே. அதற்கான காரணத்தைப் பின்னர் கூறுவேன்.

மாமனின் மானத்தைக் காக்கவேண்டிய கட்டாயம் எனக்கு உண்டாயிற்று. நுணுக்குக்காட்டி பல்கலைக்கழகத்தில், நான் பேசாலையில். எனினும் கைத்தொலைபேசியின் ஒளிப்படக் கண்ணின்மேல் ஒரு துளி நீரை வைத்துக் கவனமாகக் கவிழ்த்துப் பிடித்தால், அத்துளியே ஓர் உருப்பெருக்கு வில்லையாகிவிடும். அவ்வாறே செய்தோம். ஒரு வெள்ளைப் பீங்கானில் தொட்டி நீரைச் சிறிது வார்த்து, வெயிலில் வைத்து, நானும் மருமகனும் மாறிமாறிப் பார்த்தோம்.

இத்தகைய ஆய்வு எமக்கு முன்னோர் பலர் செய்ததே. ஒல்லாந்து தேசத்து டெல்வ்ற் நகரிற் சீலை வணிகரான லீவன்ஹூக், 1674 இல் ஓர் ஏரியின் நீரைத் தாமே தேய்த்த வில்லையினூடு நோக்கி, அதனுட் பல்வகை நுண்ணுயிர்கள் நடமாடுவதைக் கண்டு இலண்டன் அரச கழகத்துக்குக் கடிதம் எழுதினார். 1740 களில் ஹேக் நகருக்கு அணித்தாக ஒரு பிரபுவின் இரு புதல்வருக்கு ஆசிரியராயிருந்த டிரெம்பிளி என்பவர், குளத்திலிருந்து கண்ணாடிக் குவளையில் எடுத்துவந்த ஹைட்ராவை வெட்டிப் பார்த்தார். வெட்டிய ஒவ்வொரு துண்டும் முழு உயிராக வளர்வதைக் கண்டு ஐரோப்பிய அறிஞருலகை வியப்பில் ஆழ்த்தினார். டிரெம்பிளியிடத்து என்னைக் கவர்வது அவர் கண்ட உண்மை மாத்திரமன்று. குவளையைச் சன்னலோரத்தில் வைத்துச் சிறுவர்களுடன் சேர்ந்திருந்து, அது தாவரமா விலங்கா என்று தாமே ஐயுற்று நின்ற அவருடைய பொறுமையே என்னைப் பெரிதும் கவர்ந்தது.

பொறுமையுடன் பார்க்கத் தொடங்கியதும் ஒரு செய்தி புலனாயிற்று. சிற்றுயிர்களை இனங்காண முதலிற் பார்க்கவேண்டியது உருவத்தையன்று, நடையை. தொலைவில் வருபவரை முகந்தெரியுமுன் நடையைக்கொண்டு நாம் அறிவதில்லையா? அவ்வாறே இங்கும். விட்டுவிட்டு, உதைத்து உதைத்துப் பாய்வது சைக்ளொப்ஸ். நீர்த்துளி போன்ற உடல், நெற்றி நடுவே ஒற்றைச் செங்கண், பெண்ணாயின் வாலின் இருமருங்கும் இரண்டு முட்டைப் பைகள். கிரேக்கப் பழங்கதையில் வரும் ஒற்றைக்கண் அரக்கனின் பெயரையே ஒரு மில்லிமீற்றர் நீளமான இவ்வுயிருக்கு இட்டுள்ளனர். நீரில் ஏறுவதும் தாழ்வதுமாகத் தத்துவது டப்னியா. அதன் உடலினூடு ஒளி செல்வதால் இதயம் துடிப்பதையும் காணமுடிந்தது. துள்ளாது, தாழாது, உருட்டிவிட்ட பயறுபோல் ஒரே சீராக ஓடித் திரிவது ஒஸ்ட்ரகோட். இருபுறமும் சிப்பிபோல் ஓடுடைய அது, இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு. கண்ணாடியில் வழுக்கிச் செல்லும் தட்டையான புழு, தலை அம்புமுனை போன்றிருப்பின் பிளனேரியா. நீரில் வளைந்து நெளியும் மெல்லிய நூற்புழு, மண்புழுவின் இனத்தது, அடிமணலின் அழுக்கை உண்டு வாழ்வது.

இவையெல்லாம் எங்கிருந்து வந்தன? அத்தானின் வேலம்பாசியுடன் வந்தவையே. கட்டுக்கரைக் குளம் கோடையில் வற்றி வெடித்துக் கிடக்கும்போது அச்சேற்றில் உயிரேதும் இல்லையென்றே நாம் எண்ணுவோம். ஆனால் டப்னியாவும் ஒஸ்ட்ரகோட் இனங்கள் பலவும் வறட்சியைத் தாங்கும் முட்டைகளை இட்டுவைக்கின்றன. மாரி மழை பெய்ததும் அவை பொரிக்கின்றன. அவை திடீரெனப் பெருகியதற்குக் காரணம் மருமகனின் தாராள மனமே. வேளைக்கொரு பிடி சோறு நீரில் விழுந்தது. மீன் தின்றது போக எஞ்சியது இச்சிற்றுயிர்களுக்கு விருந்தாயிற்று. தொட்டியில் இவை மிகுவது நோயின் அறிகுறியன்று, உணவு மிகுந்துவிட்டதன் அறிகுறி. இவற்றுள் மீனுக்குத் தீங்கு செய்வன மிகச்சிலவே. பெரும்பாலானவை மீனுக்கு இரையாவனவே.

இவ்வளவையும் கண்டறிந்ததும் எனக்கு ஒருவகைச் செருக்கு ஏற்பட்டது. அது நீடிக்கவில்லை. குஞ்சு மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமற் போகத் தொடங்கின. இருபத்திரண்டு குஞ்சுகள் ஐந்து நாட்களில் ஒன்பதாயின. சிறுவன் அழுதான். சைக்ளொப்ஸ் இனத்துட் சில, மிக இளங்குஞ்சுகளைக் கடிப்பதுண்டு என எங்கோ வாசித்திருந்தேன். தீர்ப்பு வழங்க அது எனக்குப் போதுமாயிற்று. முன்பு தொட்டியுடன் ஒரு கடையில் விற்றுவிட்ட பூச்சிமருந்துக் குப்பி வீட்டில் இருந்தது. என்ன மருந்தென்று எழுதப்படாத குப்பி. எல்லாப் பூச்சிக்கும் ஏற்றது என்று சொல்லித் தந்தனராம். அளவு தெரியாது சில துளிகள் விட்டேன். மறுநாள் சைக்ளொப்ஸ் இல்லை, டப்னியா இல்லை. நத்தைகள் ஓட்டினின்று தளர்ந்து தொங்கின. மீன்கள் மேற்பரப்பில் வாய்திறந்து மூச்சுக்குத் தவித்தன. அவசரமாக நீரை மாற்றியதனால் அவை பிழைத்தன. ஆயினும் அன்றிரவும் இரண்டு குஞ்சுகள் காணாமற் போயின.

உண்மைக் குற்றவாளியைக் கண்டவன் சிறுவனே. வேலம்பாசியின் அடியில், சருகு நிறத்தில், சருகுபோலவே அசையாது ஒன்று கிடந்தது. அதன் அருகே ஒரு குஞ்சு நீந்தி வந்தது. அக்கணமே முகத்தின் கீழிருந்து கைபோன்ற ஓர் உறுப்பு முன்னே பாய்ந்து குஞ்சைக் கவ்வி வாய்க்குட் கொண்டுசென்றது. அது தும்பியின் இளம்பருவம். மழைக்குமுன் கூட்டங்கூட்டமாகப் பறக்கும், நாம் வாலில் நூல்கட்டி விளையாடிய அதே தும்பிதான். நீருக்குள் வாழும் பருவத்தில் மடித்துவைத்த கீழுதட்டை நீட்டி இரைபிடிக்கும் வேட்டை விலங்கு அது. பாசியுடன் முட்டையாகவோ சிறு குடம்பியாகவோ வந்து, எங்கள் குஞ்சுகளைத் தின்றே வளர்ந்திருக்கின்றது.

குற்றமற்ற ஆயிரம் உயிர்கள் மாண்டன, குற்றவாளி சருகுபோல் ஒதுங்கியிருந்தான். இதனை எழுதும்போது நம் மண்ணில் ‘அடையாளம் காணல்’ என்னும் சொற்றொடர் ஒரு காலத்திற் பெற்றிருந்த பொருள் நினைவுக்கு வராமற் போகாது. வீதியில் வரிசையாக நிறுத்தப்பட்டவர்களின் எதிரே முகமூடியிட்ட ஒருவர் தலையை ஆட்டினால், ஒரு வாழ்வு முடிந்துபோன காலம் அது. தலையாட்டி என்னும் சொல்லை எம் பெற்றோர் இன்றும் தாழ்ந்த குரலிலேயே சொல்வர். மீன்தொட்டியையும் மனிதர் பட்ட துயரையும் ஒரே தராசில் வைப்பது என் நோக்கமன்று. ஆனால் பெயரை அவசரமாகச் சூட்டித் தண்டனையை அதனினும் அவசரமாக வழங்கும் மனம் ஒன்றே என்பதை, அந்தக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது உணர்ந்தேன்.

இனி, நான் சொல்லவந்ததன் முதன்மையான பகுதிக்கு வருகிறேன்.

மே மாதத் தொடக்கத்தில் ஒருநாள், தொட்டிக்கு நீர் மாற்றுவதற்காகக் கிணற்றில் அள்ளிய வாளியிற் சில புழுக்கள் சுழன்று கீழே இறங்கின. “நுளம்புப் புழு” என்றான் மருமகன். “ஓம். கியூலெக்ஸ். வெறும் கடி நுளம்பு. மீனுக்கு நல்ல தீன்” என்று கூறி, வாளி நீரைத் தொட்டியில் ஊற்றப் போனேன். அவன் தடுத்தான். “பார்க்காமல் எப்படிச் சொல்லுறீங்கள் மாமா?”

தும்பிக் குடம்பியின் பின்னர் அவனிடம் எனக்கிருந்த செல்வாக்கு அவ்வளவே. வெட்கத்துடன் வெள்ளைப் பீங்கானை எடுத்து வந்தேன். நீர் கலங்கியிருக்கையில் நுளம்புக் குடம்பிகள் யாவும் ஒரேமாதிரித்தான் தோன்றும். நீர் அடங்கும்வரை காத்திருந்தால்தான் வேறுபாடு தெரியும். கியூலெக்ஸ் குடம்பிக்கு வாலருகே நீண்ட மூச்சுக் குழாய் உண்டு. அதனை நீரின் மேற்பரப்பிற் பொருத்தித் தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். அனொபிலிஸ் குடம்பிக்கு அத்தகைய குழாய் இல்லை. ஆதலால் நீரின் மேற்பரப்பை ஒட்டி, அதற்குச் சமாந்தரமாக, மிதக்கும் துரும்புபோற் படுத்துக் கிடக்கும். இதுவும் நான் பரீட்சையில் எழுதிப் புள்ளி பெற்ற விடையே.

நீர் அடங்கியது. புழுக்கள் மேலே வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, ஏழும், படுத்துக் கிடந்தன.

மலேரியாவைப் பரப்புவன அனொபிலிஸ் நுளம்புகளே. அவற்றின் இனங்கள் எல்லாம் அந்நோயைக் காவுவனவல்ல என்பது உண்மை. ஆனால் மன்னார்த் தீவின் கிணறு என்றவுடன் என் நினைவுக்கு வந்தது வேறொரு செய்தி. இலங்கையை மலேரியா வாட்டிய வரலாறு நெடியது. 1934, 1935 ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். டீ.டீ.ற்றி. தெளிக்கத் தொடங்கிய பின்னர் நோய் வேகமாகக் குறைந்து, 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். வெற்றி கிட்டிவிட்டதென விழிப்புத் தளர்ந்தது. அறுபதுகளின் இறுதியில் நோயாளர் தொகை பல இலட்சமாயிற்று. பின்னர் போர்க்காலத்தில் வடக்கும் கிழக்கும் மீண்டும் காய்ச்சலில் நடுங்கின. நெடிய முயற்சியின் பயனாக, உள்நாட்டிலே தொற்றிய இறுதி நோயாளி 2012 இற் பதிவானார். 2016 செப்டெம்பர் 5 ஆம் நாள், இலங்கை மலேரியாவற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

அச்சான்று கிடைத்து மூன்று மாதங்களே கழிந்திருந்தன. அதே ஆண்டு டிசெம்பரில், இலங்கையில் அதற்குமுன் அறியப்படாத அனொபிலிஸ் ஸ்டீபென்சி என்னும் நுளம்பு கண்டறியப்பட்டது. கண்டறியப்பட்ட இடம் மன்னார்த் தீவு. குடம்பிகள் காணப்பட்டது கிணற்று நீரில். தென்னிந்திய நகரங்களிற் கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் பெருகி, நகர்ப்புற மலேரியாவைப் பரப்புவதாக நெடுங்காலம் அறியப்பட்ட இனம் இது. பின்னர் யாழ்ப்பாண நகரிலும் இது காணப்பட்டது. ஆபிரிக்காவின் கொம்பிலுள்ள ஜிபூட்டியில் இந்நுளம்பு 2012 இல் முதன்முதலாகக் காணப்பட்டபோது அந்நாட்டின் மலேரியா நோயாளர் 27 பேர். 2020 இல் அத்தொகை 73,000 ஐத் தாண்டியது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பலோட்டம் 1964 ஆம் ஆண்டுப் புயலுடன் நின்றுபோயிற்று. நுளம்புக்கோ கப்பலும் வேண்டாம், கடவுச்சீட்டும் வேண்டாம்.

சுகாதாரப் பகுதியினர் எங்கள் கிணற்றில் மீன் விட்டதன் பொருள் அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கிற்று. அவை அழகுக்கு விடப்பட்டவையல்ல. குடம்பியைத் தின்னும் காவலர்களாக விடப்பட்டவை. அக்காவலர்களை அள்ளி அலங்காரத் தொட்டியில் அடைக்க வழிகாட்டியவன், விலங்கியல் பயிலும் நான். வெப்பமான எம் நாட்டில் முட்டை நுளம்பாக ஏறத்தாழப் பத்து நாட்கள் போதும். மீன்கள் கிணற்றை விட்டு ஐந்து கிழமைகளாகியிருந்தன.

உரோனால்ட் றொஸ் என்னும் ஆங்கில மருத்துவர் மலேரியாவின் வழியைத் தேடி இந்தியாவில் ஈராண்டுகள் வரை நுளம்புகளை அறுத்து அறுத்துப் பார்த்துத் தோல்வியுற்றார். அவர் அறுத்தவை கியூலெக்ஸ், ஈடிஸ் இனங்கள். உழைப்பிற் குறைவில்லை, ஆள்தான் வேறு. 1897 ஓகஸ்ட் 20 ஆம் நாள், செகந்தராபாத்தில், சிறகிற் புள்ளிகளுடைய வேறொரு நுளம்பை அறுத்தபோதே அதன் இரைப்பைச் சுவரில் நோய்க்கிருமியைக் கண்டார். அந்நுளம்பின் சரியான பெயர் அவருக்கும் அன்று தெரியாது. அது ஸ்டீபென்சியாக இருக்கலாம் எனப் பின்வந்தோர் கருதுவர். நோபல் பரிசு பெற்ற மேதையே ஆள்மாறாட்டத்தில் ஈராண்டை இழந்தார் என்பது அன்று எனக்கு ஆறுதல் தரவில்லை. அவர் பார்க்காமற் பெயர் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

அம்மாவிடம் இதனைச் சொல்லவேண்டியிருந்தது. அதுவே எல்லாவற்றினும் கடினமாயிருந்தது.

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். நான் அவனைக் கண்டதில்லை. 1990 இல் எங்கள் குடும்பம் இடம்பெயர்ந்து பெருநிலப்பரப்பின் காட்டோரத்து முகாம் ஒன்றில் ஓலைக்கொட்டிலில் வாழ்ந்தது. மறு ஆண்டு மாரியில் நான்கு வயதான அவனுக்குக் காய்ச்சல் கண்டது. விரலிற் குத்தி இரத்தம் எடுத்துச் சென்றனர். என்ன காய்ச்சல் என்னும் விடை திரும்பி வர ஆறு நாட்களாயின. அவன் நாலாம் நாளே போய்விட்டான். எங்கள் வீட்டில் மலேரியா என்னும் சொல்லை எவரும் உச்சரிப்பதில்லை. அம்மா நீரைத் துணியில் வடிப்பதும், நீரில் அசைவன அனைத்தையும் ‘பூச்சி’ என்னும் ஒரே பெயரால் வெறுப்பதும் அன்று தொடங்கியவை. மலேரியா குடிநீராற் பரவுவதில்லை என்று அக்கா பலமுறை விளக்கியிருக்கிறாள். அம்மா கேட்டுக்கொள்வார். மறுநாளும் வடிப்பார்.

கிணற்றடியில் நின்று பீங்கானைக் காட்டினேன். இது இன்ன புழு, இன்ன காரணத்தால் வந்தது, பிழை என்னுடையது என்று சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. “எங்கட கிணத்துத் தண்ணி துப்பரவானது. ஊத்தைத் தண்ணியிலதானே நுளம்பு வரும்?” என்றார் ஈற்றில். “இந்த நுளம்புக்குத் துப்பரவான தண்ணிதான் விருப்பம் அம்மா” என்றேன். மன்னார் மணலின் அடியில், உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கும் மழைநீரே எங்கள் ஆழமற்ற கிணறுகளின் நீர். அது இனிமையானது என்பது எங்கள் ஊரவரின் பெருமை. அப்பெருமையே இப்போது ஏதோ ஒரு குற்றம்போல அவர் முகத்திற் படிந்தது.

பின்பு அவர் கேட்டது நான் எதிர்பாராத ஒன்று. “அப்ப, எங்கட பிள்ளையைக் கொண்டதும் இதுதானோ?”

ஓம் என்று சொல்லியிருந்தால் அவர் அமைதி அடைந்திருக்கவும் கூடும். பகைக்கு ஒரு முகம் கிடைத்திருக்கும். ஆனால் அது உண்மையன்று. வன்னிக் காடுகளில் அக்காலத்தில் மலேரியாவைப் பரப்பிய முதன்மையான நுளம்பு வேறு. அது அனொபிலிஸ் கியூலிசிவேசிஸ், ஆறுகள் வற்றி எஞ்சும் குட்டைகளிற் பெருகுவது. “இல்லை அம்மா. அது இதின்ர இனம். இது அதில்லை” என்றேன். அவர் தலையசைத்தார். முப்பதாண்டுகளாக ஒரே பெயரால் வெறுத்துவந்தவற்றை அன்றுதான் அவர் வேறுவேறாகப் பார்த்தார் என எண்ணுகிறேன். பீங்கானை என் கையிலிருந்து வாங்கி, வெயிலுக்கு நேரே பிடித்து, அந்த ஏழு துரும்புகளையும் நெடுநேரம் பார்த்தார்.

தொலைபேசியில் அறிவித்தேன். ஊரடங்கு சற்றுத் தளர்ந்ததும் மலேரியாத் தடுப்பு இயக்கத்தின் ஊழியர் ஒருவர் வந்தார். நீண்ட பிடியுடைய வெள்ளைக் கோப்பையாற் கிணற்றின் ஓரங்களில் நீரை அள்ளி, ஒவ்வொரு முறையும் நீர் அடங்கும்வரை காத்து நின்றார். அவருடைய காத்திருப்பைக் கண்டு நான் நாணினேன். குடம்பிகளைக் குப்பியில் இட்டு, வளர்த்துப் பார்த்தே இனத்தை உறுதிசெய்யவேண்டும் என்றார். இரண்டு கிழமைகளின் பின் விடை வந்தது. அனொபிலிஸ் ஸ்டீபென்சியேதான். நோய்க்கிருமி உடலிலுள்ள ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்து இவற்றாற் கடியுண்டால் மட்டுமே இவை நோயைப் பரப்பமுடியும், அஞ்சவேண்டாம், ஆனால் மீனை எடுக்கவேண்டாம் என்றார். என்னைக் குறைகூறும் சொல் ஒன்றேனும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

அந்த விடைக்காக நாங்கள் காத்திருக்கவில்லை. பீங்கானைப் பார்த்த அன்று மாலையே மீன்கள் கிணற்றுக்குத் திரும்பிவிட்டன. வாளியை இறக்கியவர் அம்மா. ஒவ்வொரு மீனையும் எண்ணியவன் மருமகன். அவன் கண்கலங்கினான், ஆனால் மறுக்கவில்லை. வெறுந்தொட்டியைப் பார்த்து அவன் வருந்துவான் என நினைத்தேன். அடுத்த நாள் மீண்டும் மூக்கைக் கண்ணாடியில் அழுத்தியிருந்தான். என் மருந்துக்குத் தப்பிய முட்டைகளிலிருந்து ஒஸ்ட்ரகோட்டுகள் பொரித்திருந்தன. நுளம்பு முட்டையிடாதவாறு தொட்டியின் வாயைச் சல்லடைத் துணியால் இறுகக் கட்டிக் கொடுத்தேன். மீனற்ற அத்தொட்டியை அவன் அவ்வாண்டு முழுவதும் வைத்திருந்தான்.

மன்னார்க் குடாவின் முத்துப்படுக்கைகளை ஆராய 1902 இல் இங்கிலாந்திலிருந்து பேராசிரியர் ஹேட்மன் வந்தார். அவரும் அவருடைய துணைவர் ஹோர்னெலும் சிப்பியின் உடலில் நாடாப்புழுவின் குடம்பிகளைத் தேடி, முத்து விளையும் காரணத்தை அவற்றிற் காணமுயன்றனர். எங்கள் கடலின் சிற்றுயிர்களைப் பற்றி அரச கழகம் பெருந்தொகுதிகளை வெளியிட்டது. செல்வம் கிடந்தமையாற் கடல் ஆராயப்பட்டது. அச்சம் வந்தமையாற் கிணறு ஆராயப்பட்டது. செல்வமும் அச்சமும் இல்லாத இடத்தில், கண்ணாடியில் ஒட்டிய ஒரு வெண்புள்ளியைப் பார்த்து அதன் பெயரைக் கேட்க ஒரு சிறுவனே வேண்டியிருக்கின்றது. நாம் பல்கலைக்கழகத்திற் கற்பன எல்லாம் அவ்வினாவுக்கு விடைகூறப் பயன்படாவிடில், கற்றதன் பயன் யாதென எம்மை நாமே கேட்டுக்கொள்ளல் தகும்.

விடுமுறை முடிந்து நான் புறப்பட்ட காலையில், அம்மா கிணற்றடியில் நீர் வடித்துக்கொண்டிருந்தார். துணியின் நடுவே ஏதோ ஒன்று துடித்தது. வழக்கமாக உதறிவிடுபவர், அன்று துணியை விரித்துப் பிடித்தவாறு என்னை அழைத்தார்.

“தம்பி, போறதுக்கு முன்னம் இதை ஒருக்காப் பார். இதின்ர பேர் என்ன?”

பேருந்துக்கு நேரமாகிவிட்டிருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு, வெள்ளைப் பீங்கானை எடுத்துவர உள்ளே போனேன்.